முகட்டில் கடைசி ஆள்

தடம் ஒரே ஆள் நடந்ததாக இல்லை.

லாரியிலிருந்து இறங்கிப் பையைத் தோளில் மாட்டி, வீங்கிய தாடையைக் கம்பளித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது நெல்டாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பனி வாரும் வண்டி அந்த இடம் வரைதான் வரும். அதற்கு அப்பால் பெவென் மரங்களுக்கு நடுவே ஏறி முகட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைதான். முகட்டைத் தாண்டி இறங்கினால் அவர்கள் வீடுகள். அந்தப் பக்கமிருந்து அவளைக் கூட்டிப்போக அபெலினோ நடந்து வந்த தடம் மரத்தடிப் பனியில் கலையாமல் இருந்தது. ஒருவர் மட்டும் புதுப்பனியில் கால் இறக்கி நடந்தால் குழிகளின் ஓரம் உடைந்திருக்கும், அடியில் பனி உதிரியாகக் கிடக்கும். பின்னால் இன்னொருவர் அதே குழிகளில் கால் வைத்து வந்தால் அடி இறுகிவிடும், ஓரம் மழுங்கிவிடும். அந்த மலையில் நடை பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். இந்தத் தடம் இறுகியிருந்தது. அதிலும் குதிகால் பக்கம் ஆழமாக இறங்கியிருந்தது. பின்னால் வந்தவர் எதையோ சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

"யாரு கூட வந்தா?" என்று கேட்டாள். வாயில் இன்னும் பஞ்சு இருந்ததால் பேச்சு குழறியது.

மரத்தடியில் காலை உதைத்துக் குளிரை விரட்டிக்கொண்டிருந்த அபெலினோ சிரித்தான். அவள் கணவனின் தம்பி. "என் கூடவா? இந்தக் குளிர்ல எவன் வருவான்? நான் மட்டுந்தான் அண்ணி."

"ரெண்டு பேரு தடம் மாதிரி இருக்கு."

அவன் திரும்பிப் பார்த்தான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "நடுவுல திரும்பிப் போயி வந்தேன். கையுறை விழுந்துருச்சு" என்றான்.

கையுறைகள் இரண்டும் கழுத்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. அவை விழ வழியே இல்லை. நெல்டா அதற்கு மேல் கேட்கவில்லை. பேசப் பேசத் தாடை வலித்தது. அதோடு அவள் கேட்க நினைத்தது வேறு.

"பாப்பா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, ராணி. ராத்திரி பூரா க்ளோரிந்தா அக்காவத் தூங்க விடலயாம். வறுத்த மாவக் கரைச்சுக் குடுத்தா அக்கா மூஞ்சியிலயே துப்பிட்டாளாம். உங்க பொண்ணுதான, வேற எப்படி இருப்பா?" அவன் பையை வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டான். "விடியக்காலைலதான் சட்டுனு அடங்கியிருக்கா. கதவையே பாத்துச் சிரிச்சுட்டு இருந்தாளாம். நான் கிளம்பறப்ப நல்ல தூக்கம்."

நெல்டாவுக்கு மூச்சு சீரானது. நேற்றுக் காலை வெயில் இருந்தது. பனி கெட்டியாக இருந்ததால் தனியாகவே முகட்டைக் கடந்து, லோன்கிமாய் ஊருக்குப் போய், மூன்று வாரமாக உயிரை எடுத்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவதாகத்தான் கணக்கு. மதியமே வானம் இடிந்து கொட்டியது. சாலை மூடிவிட்டது. ரேடியோ நிலையத்தில் போய், மலைவாசிகளுக்குச் செய்தி வாசிக்கும் பெண்ணிடம், நாளை மதியம் வருகிறேன், அபெலினோ முகட்டடியில் நிற்கட்டும், பக்கத்து வீட்டு க்ளோரிந்தா குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, யாரோ தெரிந்தவர் வீட்டுச் சமையலறையில் சுருண்டு படுத்தாள். இரவு முழுக்க மார்பு கட்டிக்கொண்டு கல்லாகிக் கிடந்தது. ஐந்து மாதக் குழந்தை, தாய்ப்பால் தவிர எதையும் தொடாதவள். இன்றைக்கு இருட்டுவதற்குள் போயே ஆகவேண்டும். இன்னொரு இரவை அந்தக் குழந்தை தாங்காது.

"மல முழுக்க உங்க பல்லப் பத்தித்தான் பேச்சு" என்றான் அபெலினோ. "ரேடியோல அந்தப் பொண்ணு அவ்வளவு விலாவாரியாச் சொல்லுச்சு. புடுங்கினத எடுத்துட்டு வந்தீங்களா, பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை பண்ணிரலாம்."

"போடா" என்றாள். சிரித்ததில் தையல் இழுத்தது.

பாதை தொடங்கும் இடத்தில், கல்மேடை மேல், தகரத்தில் செய்த ஒரு குட்டி வீடு இருந்தது. ஆள் செத்த இடத்தில் அப்படி ஒன்று வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். போகிறவர் வருகிறவர் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், பூ வைப்பார்கள், வேண்டியதைக் கேட்பார்கள். கேட்டால் கொடுக்கும் என்பார்கள். இந்த வீடு ரோசாமெலுக்கு. நெல்டாவின் கணவன். போன ஜூலையில் முகட்டில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. செத்த இடம் தெரியாததால் பாதை தொடங்கும் இடத்தில் வைத்துவிட்டார்கள்.

நேற்று அவள் இங்கே நின்றாள். பல்வலியில் கண்ணீர் வழிய மெழுகுவத்தி ஏற்றினாள். தனக்கு வயிற்றில் இரண்டு மாதம் என்பதை, அவன் காணாமல் போன அன்று, மாலை அவன் திரும்பியதும் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அதனால் அவனுக்குத் தெரியவே தெரியாது. குழந்தை பிறந்த பிறகு ஒவ்வொரு முறை இந்த வழி வரும்போதும் தகர வீட்டிடம் சொல்லிவிட்டுப் போவாள்: பொண்ணு, பேரு மில்லராய், காது உன் காது, பிடிவாதம் என்னுது. நேற்று வாய் தவறி இன்னொன்றும் சொன்னாள். "ஒரு தடவை வந்து உன் பொண்ணைப் பாத்துட்டுப் போயேன்."

இப்போது தகர வீட்டின் முன்னால் பனி மிதிபட்டிருந்தது. யாரோ வெகுநேரம் அங்கே நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்ததுபோல, ஒரு கம்பளி விரிக்கும் அளவுக்கு அந்த இடம் தட்டையாகிக் கிடந்தது. மெழுகு உருகி உறைந்திருந்தது. அபெலினோ கும்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவன் அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்துவிட்டான்.

கோடையில் அந்த முகடு ஒரு பொருட்டே இல்லை. அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுப் போய் ஆட்டைப் பார்த்துத் திரும்பி வந்து மாத்தே தேநீர் குடிக்கலாம், அவ்வளவு தூரம்தான். பனி விழுந்தால் அதுவே ஒரு மத்தியானத்தைத் தின்றுவிடும். மரங்கள் முடிந்ததும் மேலே மொட்டை. அர்ஜென்டினா பக்கமிருந்து வரும் கிழக்குக் காற்று வெட்டிய தடத்தைப் பின்னாலேயே வந்து மூடிவிடும். வீடு திரும்பும்போது வலது பக்கத்திலிருந்து காற்று அடிக்கும். இடது பக்கத்தில் காற்று தள்ளிக் கட்டிய பனி, தாழ்வாரம் போல வெளியே நீண்டு நிற்கும். பார்த்தால் தரை போல இருக்கும், கால் வைத்தால் அடியில் ஒன்றும் இல்லை.

அதனால் அங்கே நடக்க ஒரு முறை இருக்கிறது. வரிசையாகப் போகவேண்டும். முன்னால் போகிறவர் தடம் வெட்டுவார். மூச்சு முட்டியதும் "போங்க" என்று சொல்லிவிட்டு வலது பக்கம், காற்றுப் பக்கம், ஒதுங்கி நிற்பார். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, தொப்பியை இறக்கி, தலையைக் குனிந்துகொள்வார். நிமிர்ந்தால் பனிப்பொடி கண்ணைக் குத்திவிடும். மற்றவர்கள் அவர் முன்னால் கடந்து போவார்கள். குனிந்த கண்ணுக்குக் கால்கள் மட்டும் தெரியும். கடைசியாகப் போகிறவர் ஒதுங்கி நிற்பவரின் தோளைத் தட்டவேண்டும். நான்தான் கடைசி, எனக்குப் பின்னால் ஆள் இல்லை, வா என்று அர்த்தம். தட்டு விழும்வரை ஒதுங்கினவர் அசையக்கூடாது. அசைந்தால் இருட்டில் வருகிறவன் மேல் மோதி இரண்டு பேரும் தாழ்வாரத்தில் போய் விழுவார்கள். அப்படிப் போனவர்கள் உண்டு.

போன ஜூலையில் அண்ணனும் தம்பியும்தான். ரோசாமெல் ஒதுங்கினான். அபெலினோ இரண்டு கையாலும் ஓர் ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்திருந்தான், குளிரில் சாகக் கிடந்த குட்டி. இருக்கிறது இரண்டே பேர், தட்டி என்ன ஆகப்போகிறது என்று கடந்து போய்விட்டான். தன் முறை முடிந்து ஒதுங்கிக் குனிந்து நின்றபோது அவனைக் கடந்து யாரும் வரவில்லை. திரும்பி ஓடினான், கத்தினான். மறுநாள் ஊரே போய்த் தேடியது. ரோசாமெல் ஒதுங்கி நின்ற குழி மட்டும் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பூட்ஸ் பதிந்த குழி. அதற்குள் போன தடம் இருந்தது. அதிலிருந்து வெளியே வந்த தடம் இல்லை.

அபெலினோவை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். அதனால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு அந்த முகட்டில் அவன் கடைசி ஆளாக யாரைக் கடந்தாலும் எலும்பு நோகும்படி தட்டுவான்.

மரங்கள் முடிந்தன. காற்று வலது காதில் அறைந்தது. நனைந்த கம்பளியின் ஆட்டு வாடையும், வாய்க்குள் ரத்தமும் கிராம்புத் தைலமும் கலந்த கசப்பும், அபெலினோவின் பூட்ஸ் பனியை நெரிக்கும் சத்தமும் தவிர அவளுக்கு வேறெதுவும் இல்லாமல் போயிற்று. முன்னால் அவன் முதுகு, முதுகில் அவள் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தையின் இருமல் மருந்துப் புட்டி. வானமும் தரையும் ஒரே சாம்பல் நிறம். அவன் நெரித்த இடத்தில் அவள் கால் வைத்தாள், அவள் நெரிப்பது இரண்டாவது சத்தம். கொஞ்ச தூரம் அந்த இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டே நடந்தவளுக்கு, தன் காலுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று, மெதுவாக, கனமாக, பனியை அமுக்குவது போலப் பட்டது. நின்றாள். நின்றதும் அதுவும் நின்றது. தலைத்துண்டு காதில் உரசுகிறது என்று சொல்லிக்கொண்டு நடந்தாள்.

"போங்க" என்றான் அபெலினோ. வலது பக்கம் ஒதுங்கி, முதுகைக் காற்றுக்குக் காட்டிக் குனிந்துகொண்டான்.

நெல்டா கடந்தாள். போகும்போது அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். முன்னால் புதுப்பனி முழங்கால் வரை ஏறியது. நாலு எட்டு வைத்தவள், பின்னால் அவன் வரும் சத்தம் இல்லாததால் திரும்பினாள். அவன் தடத்தில் ஏறாமல், வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல." அவன் தோளைத் தேய்த்துக்கொண்டான். "அண்ணி, என்ன எத்தன தடவ தட்டினீங்க?"

"ஒரு தடவ."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"எத்தன தடவ தட்டுவாங்க? என்ன கேள்வி இது?"

"இல்ல... ரெண்டாவதா ஒண்ணு பட்ட மாதிரி இருந்துச்சு. லேசா." அவன் முகம் பனியை விட வெளுத்திருந்தது. "நடங்க அண்ணி, நடங்க. இருட்டிரும்."

அவள் நடந்தாள். இந்த முட்டாள் தன் குற்றத்தைத் தானே சுமந்து திரிகிறான், எனக்கும் ஏற்றிவிடப் பார்க்கிறான் என்று மனசுக்குள் திட்டினாள். திட்டியது கொஞ்சம் தெம்பாக இருந்தது. ரோசாமெல் இருந்திருந்தால் கேலி பண்ணியிருப்பான். அவனுடைய வலது பூட்ஸின் முனை பிளந்து வாயைத் திறந்தபோது, அவள்தான் வேலிக் கம்பியை வளைத்துக் குறடால் முறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். "பாருங்கடா, என் பொண்டாட்டி எனக்கு வேலி போட்டுட்டா, இனி எங்கயும் ஓட முடியாது" என்று ஊர் முழுக்கக் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தான். அதே பூட்ஸோடுதான் போனான்.

முகட்டின் நடுவில் குதிரைத் தலை போல ஒரு பாறை உண்டு. அதன் மறைவில் காற்று படாது. இருவரும் அதில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். அபெலினோ சட்டைக்குள்ளிருந்து வேகவைத்த பெவென் கொட்டைகளை எடுத்து நீட்டினான். அவளால் மெல்ல முடியாது. அவனும் தின்னவில்லை. கையில் வைத்துக்கொண்டு, வந்த வழியில் இருந்த மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று ஒரு கணம் ஓய்ந்தது. அந்த ஓய்வில் அவளுக்கு ஒரு வாசனை வந்தது. புளித்த பாலும் வெதுவெதுப்பும் சேர்ந்த வாசனை. மில்லராயின் உச்சந்தலை வாசனை. தன் துணியிலிருந்துதான் வருகிறது, வேறெங்கிருந்து வரும் என்று நினைத்து முடிப்பதற்குள் இரண்டு மார்பிலும் ஊசி குத்துவதுபோல் குத்தி, பால் தானாகச் சுரந்து சட்டையை நனைத்தது. நேற்றிலிருந்து கையால் பிழிந்தும் சரியாக வராத பால். குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் சிணுங்கினால்தான் அது அப்படி வரும்.

"எதாவது கேக்குதா உனக்கு?" என்றாள்.

"இல்ல" என்றான், கேள்வி முடிவதற்கு முன்பே.

அப்போது முன்னால் மூட்டம் கிழிந்தது. கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. இரண்டு கூரைகள். அவள் வீட்டில் புகை இல்லை, அது சரி. க்ளோரிந்தாவின் வீட்டிலும் புகை இல்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. இந்தக் குளிரில், ஒரு குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துபோடும் ஆள் இல்லை க்ளோரிந்தா. வீட்டைச் சுற்றி ஒரு கறுப்புப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது, க்ளோரிந்தாதான். தலையில் துண்டு இல்லை. விறகுக் கொட்டகைக்கு ஓடினாள், குனிந்தாள், வெளியே வந்தாள். ஆட்டுப்பட்டிக்கு ஓடினாள். வீட்டுக்குள் போய் உடனே வெளியே வந்தாள். இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நடு முற்றத்தில் நின்றாள். ஏதோ கத்தினாள் போல, ஆனால் அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வரவில்லை.

"என்ன தேடுறாங்க?" என்றாள் நெல்டா.

"கோழியா இருக்கும்."

"அபெலினோ."

"நரி வந்திருக்கும் அண்ணி. கோழியத் தேடுறாங்க."

மூட்டம் மூடிக்கொண்டது.

அபெலினோவின் முறைதான். அவள் விடவில்லை. அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தடத்தில் இறங்கினாள். "ஒதுங்கு. நான் போறேன்." பனியைத் தொடையால் பிளந்தாள், கையால் துழாவினாள். க்ளோரிந்தா எதைத் தேடுகிறாள் என்பதை அவள் நினைக்கவில்லை. நினைத்தால் கால் நின்றுவிடும். தூங்கும் குழந்தை நகராது. ஐந்து மாதக் குழந்தைக்குத் தவழக்கூடத் தெரியாது. கதவு திறந்தது காற்றினால். காற்றுதான். மில்லராய் தொட்டிலில் இருக்கிறாள், தான் பின்னிய மஞ்சள் போர்வைக்குள், மஞ்சள் நூல் தீர்ந்து ஒரு மூலைக் குஞ்சத்தை மட்டும் கறுப்பு ஆட்டு மயிரில் முடித்த அந்தப் போர்வைக்குள், கைகளை மேலே தூக்கிக்கொண்டு தூங்குகிறாள். கீழே இறங்கியதும் முதலில் பால். அப்புறம் அடுப்பு. அப்புறம் க்ளோரிந்தாவைத் திட்டிக்கொள்ளலாம்.

வெள்ளைக் காற்று வந்துவிட்டது. விழும் பனியல்ல, தரையிலிருந்தே கிளம்பும் பனி. தன் கை தெரியவில்லை. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. வலது காதில் அறையும் காற்று ஒன்றுதான் திசை. பின்னால் அபெலினோவின் கால்கள் நெரிக்கும் சத்தம் வந்தது. நெரித்து முடித்த பனியை, ஒரு மூச்சு நேரம் கழித்து, இன்னொன்று அமுக்கியது. கனமாக. குதிகால் ஊன்றி.

அவளுக்குத் தெரியும். எதையோ சுமப்பவரின் நடை அது.

மார்பு மறுபடியும் குத்தியது. பால் வழிந்து, வழிந்த இடத்திலேயே சட்டையில் உறைந்தது.

இறக்கம் தொடங்கும் இடம் பக்கம்தான். இன்னும் கொஞ்ச தூரம். ஆனால் நெஞ்சு கிழிந்துவிடும் போலிருந்தது. பிடுங்கிய இடத்தில் ரத்தம் ஊறி வாய் நிறைந்தது. துப்பினாள். பனியில் சிவப்பு விழுந்து, உடனே மறைந்தது. ஒரு எட்டு. இன்னும் ஒரு எட்டு. கால் மடங்கிற்று.

"போ" என்றாள். வலது பக்கம் ஒதுங்கினாள். முதுகைக் காற்றுக்குக் கொடுத்தாள். தலைத்துண்டை இறக்கினாள். குனிந்தாள்.

தடம் மட்டும் தெரிந்தது. ஒரு முழ அகலம். அவள் காலும், அதற்கு முன்னால் அந்தப் பள்ளமும்.

அபெலினோவின் கால்கள் வந்தன. கறுப்பு ரப்பர் பூட்ஸ், மேலே சாம்பல் கம்பளி உறை. வேகமாக வந்தன. அவன் மூச்சு கேட்டது. அது மூச்சல்ல, அழுகை. வாய்க்குள் ஜெபத்தை மென்றுகொண்டு அழுதான். அவள் தோளைத் தயாராக வைத்துக்கொண்டாள். எலும்பு நோகும்படி தட்டுவான்.

கால்கள் கடந்துவிட்டன.

தட்டு விழவில்லை.

மறந்துவிட்டான் என்று நினைத்தாள். போன வருஷம் போலவே மறந்துவிட்டான், நாசமாய்ப் போனவன். உடனேயே அப்படியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இவன் மறக்கமாட்டான். இந்த ஒரு வருஷத்தில் ஒருமுறைகூட மறந்ததில்லை. கடைசி ஆள்தான் தட்டவேண்டும். அவன் கடைசி இல்லை. அது அவனுக்குத் தெரியும். காலையில் முகட்டுக்கு ஏறும்போதே தெரிந்திருக்கிறது.

நிமிரவேண்டும். கழுத்து வரவில்லை. ஓடவேண்டும். எங்கே? முன்னால் தடம். தடத்தில் வருகிறது.

ஒரு அமுக்கு. நின்றது.

இன்னொன்று.

புளித்த பால் வாசனை. வெதுவெதுப்பு இல்லை.

பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பூட்ஸ் இறங்கியது. அதில் பனி ஒட்டியிருந்தது, உருகாத பனி. முனையில் வேலிக் கம்பி. மூன்று சுற்று. அவள் முறுக்கிய முறுக்கு.

மூச்சு விடும் சத்தம் இல்லை. மற்ற காலும் வந்து பக்கத்தில் நின்றது. அவள் முன்னால், அவளைப் பார்த்தபடி நின்றது.

குனிந்த கண்களுக்கு நேராக ஏதோ ஆடியது. மஞ்சள். மேலேயிருந்து தொங்கிய கம்பளி. அதன் மூலையில் ஒரு குஞ்சம், பனிப்பொடி பிடித்து விறைத்தது.

கறுப்புக் குஞ்சம்.

வாயைத் திறந்தாள். ரத்தம்தான் வந்தது. மார்பில் பால் சுரந்துகொண்டே இருந்தது, நிற்காமல், யாரோ கூப்பிட்டதுபோல. நேற்று அவள்தான் கேட்டாள். வாய் திறந்து, மெழுகுவத்தி ஏற்றிக் கேட்டாள்.

மஞ்சள் கம்பளி அவள் பக்கமாகச் சாய்ந்தது.

தோளில் தட்டு விழுந்தது. லேசாக. நான்தான் கடைசி.

உள்ளங்கை முழுவதும் விரிந்து பட்டது, அவள் தோளில் ஒரு பொத்தான் அளவு இடத்தில். ஐந்து விரலும் தெரிந்தன. கம்பளியைத் தாண்டிச் சுட்ட குளிர். அந்தக் கை திரும்பப் போகவில்லை. எப்போதும் பால் குடிக்கும்போது பிடிப்பதுபோல, அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.